ரிச்சி ஸ்ட்ரீட்டில் போன் பேட்டரி மாற்றலாமா?

மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேட்டரி மாற்றித் தரும் கடைகளின் கைவேலைக்கு நல்ல மார்க்கே போடலாம். அவர்கள் போடும் பேட்டரிக்கு அப்படிப் போட முடியாது. கடைக்குக் கடை தரம் மாறுகிறது. அங்கே பேரம் பேசும் நேரத்தில் பாதியை லேபிளைப் படிக்க ஒதுக்குங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்று சொல்லும் எம்ஏஎச் அல்ல, வோல்ட். இன்றைய போன்களில் கம்பெனி பேட்டரியின் மேல் 3.87 வோல்ட், சார்ஜ் உச்சவரம்பு 4.45 வோல்ட் என்பது போல அச்சிட்டிருக்கும். மாற்று பேட்டரியில் 3.7, 4.2 என்று இருந்தால் வாங்கவே வேண்டாம். எத்தனை வோல்ட் வரை ஏற்றுவது என்பதை முடிவு செய்வது போன். 4.2-க்காகச் செய்த பேட்டரியில் 4.45 வரை திணித்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் சிதைந்து வாயுவாகும். வெளியேற வழியில்லாத வாயு, மெல்லிய உறையைப் பூரி மாதிரி உப்ப வைக்கும். ஸ்கிரீன் ஓரம் தூக்குவதும் பின்மூடி பிளப்பதும் இதனால்தான். அப்படித் தூக்கிய போனை அமுக்கி மூடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

எம்ஏஎச்சில் ஏமாற்று அதிகம். 5000 இருந்த இடத்தில் அதே நீள அகல கனத்தில் 7000 என்று எழுதிய பேட்டரி வந்தால், கூடியது லேபிளில் உள்ள எண் மட்டுமே. இரண்டையும் ஒரு சின்னத் தராசில் வைத்துப் பாருங்கள். புதியது எடை குறைவாக இருந்தால் உள்ளே சரக்கும் குறைவுதான். பிறகு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை. அதன் கீழே ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். லேபிளில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போகாவிட்டால் அடுத்த கடை.

வேலையை எதிரில் நின்று பாருங்கள். சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே திறக்க வேண்டும், தவறிக் குத்துப்பட்டாலும் தீயின் வீரியம் குறையும். சிம் ட்ரேயைக் கழற்றி, பின்மூடியைச் சூடாக்கி, பிளாஸ்டிக் கார்டால் பிரிப்பார்கள். உள்ளே போனதும் முதலில் பிடுங்க வேண்டியது பேட்டரி கனெக்டர். அதை விட்டுவிட்டு வேறு ஸ்ட்ரிப்பை, அதாவது பட்டை ஒயரைத் தொட்டால் போர்டு ஷார்ட் ஆகலாம். அடியில் ஒட்டியிருக்கும் பசைக்கு இழுக்கும் பட்டி இருந்தால் அதை மெதுவாக இழுக்க வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் சில சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, பிளாஸ்டிக் பட்டையால் நெம்பலாம்.

ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிறவரை அங்கேயே நிறுத்துங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் அடுக்குகளுக்கு நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். அது கிழிந்தால் உள்ளே ஷார்ட் ஆகி, வரும் சூடே அடுத்த அடுக்கையும் எரிக்கும், நொடிகளில் புகை. மேசைக்கு அடியில் மணல் வாளி வைத்திருக்கும் கடை கண்ணில் பட்டால் தயங்காமல் அங்கேயே கொடுக்கலாம்.

மூடும்போது தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓரப் பட்டையான கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். போட்டாலும் ஐபி68 என்ற தண்ணீர், தூசி தாங்கும் தரம் பழைய நிலைக்கு வந்துவிட்டதாக நம்பி ஐப்பசி மழையில் நனைக்க வேண்டாம். ஐபோன் எக்ஸ்எஸ் முதல் வந்த மாடல்களில் கம்பெனியுடையது அல்லாத பேட்டரி போட்டால் செட்டிங்ஸில் ஒரு எச்சரிக்கை வரும். அதற்குப் பயப்படத் தேவையில்லை, ஆனால் கடைக்காரர் முன்பே சொல்ல வேண்டும்.

"முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ்ல போடுங்க சார்" என்ற அறிவுரை இன்னும் கேட்கிறது. அது நிக்கல் பேட்டரி காலத்து வழக்கம். இன்றைய போன்களில் இருக்கும் லித்தியம் பேட்டரிக்குத் தேவையே இல்லை. நூறு வந்ததும் எடுத்துவிடலாம்.

பழைய பேட்டரியைக் கேட்டு வாங்கி, கனெக்டர் மேல் செல்லோடேப் ஒட்டி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை லாரியின் அழுத்தியில் அது நசுங்கும், லாரியே பற்றிக்கொள்ளலாம்.