46,000 ரூபா போச்சு: 'இதுவும் ஏர்லெஸ்தான்' என்றால் நம்பாதீர்கள்

பெயின்ற் மெஷின் வாங்கி ஏமாந்த கடையிலிருந்து நேற்றுப் பின்னேரம் வெறுங்கையோடு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். ஏ9 வீதியோரத்து ஹாட்வெயார் கடை ஒன்று, அவ்வளவு போதும்.

தருமபுரத்தில் ஒரு புது வீட்டுக்குப் பெயின்ற் வேலை. குடிபூரலுக்கு 11 நாள்தான் இருந்தது. ரோலரோடு நின்றால் முடியாது என்று பெயின்ற் விசிறும் மெஷின் வாங்கப் போனேன். எனக்கு வேண்டியது ஏர்லெஸ். அதில் காற்றே கிடையாது. பெயின்றைப் பம்ப் பெரிய அழுத்தத்தில் தள்ளி, சின்னத் துளையால் விசிறும். சுவருக்கு அடிக்கும் தடிப்பான எமல்ஷனையும் வாளியிலிருந்து நேரே உறிஞ்சும். ஆனால் விலையைக் கேட்டதும் என் முகம் விழுந்துவிட்டது. முதலாளி அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"தம்பி, இதுவும் ஏர்லெஸ்தான். சைஸ்தான் சின்னன். நீங்கள் எங்கட பெடியன், உங்களுக்குப் பொய் சொல்லுவனோ?"

பிளேன்ரீ வந்தது. மெஷினின் கப்பில் தண்ணீர் ஊற்றிக் கடைச் சுவரில் அடித்தும் காட்டினார். பனி மாதிரிப் படிந்தது. அதில்தான் விழுந்தேன். தண்ணீர் பூக்கண்டுக்குத் தெளிக்கிற போத்தலிலும்தான் அப்படிப் போகும்! 15 வருடம் பெயின்ற் அடிக்கிறவனுக்கு அது அந்த நேரம் ஓடவில்லை. மனைவியின் சீட்டுக்காசு 46,000 ரூபாவை எண்ணி மேசையில் வைத்தேன்.

வீட்டில் எமல்ஷனை ஊற்றினால் துப்பித் துப்பி வருகிறது. வாளியில் எழுதியிருந்ததைவிட இரண்டு மடங்கு தண்ணீர் விட்ட பிறகுதான் ஓடியது. அப்புறம் சுவரில் கண்ணீர்போல வடிந்தது, அடிச்சுவரும் தெரிந்தது. இரண்டாம் நாள் மோட்டர் கருகிய மணம். அதோடு சரி.

முதல் தடவை போனபோது, "நீங்கள் பாவிச்ச விதம் பிழை." அடுத்த தடவை, "கொழும்புக்கு அனுப்பவேணும், கோல் பண்ணுறம்." கோல் வரவில்லை. நான் எடுத்தால் பொடியன் தூக்கி, "முதலாளி சாப்பிடுறார்" என்கிறான். காலை 9 மணிக்கும் சாப்பாடு, பின்னேரம் 4 மணிக்கும் சாப்பாடு. நேற்று நேரே போனேன். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "இதில ஏர்லெஸ் எண்டு எங்க கிடக்கு?" உண்மைதான். 'ஸ்பிறேயர் 1 – 46,000' என்று மட்டும்தான் இருந்தது. வாய்ச்சொல்லை நம்பி அதை வாசிக்காமல் மடித்து வைத்தவன் நான்.

காற்றால் விசிறும் அந்த மெஷின் கேற், கிறில், கதவுக்கு இனாமல் அடிக்கக் காணும். அப்படிச் சொல்லி விற்றிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் பெயின்றையே ஒரு போத்தலில் கொண்டுபோய் அடித்துப் பாருங்கள். கப் வெறுமையாக இருக்கும்போது விசையை அழுத்தி, முன்னால் கடதாசி பிடியுங்கள். காற்று அடித்தால் அது ஏர்லெஸ் இல்லை. கையை மட்டும் பிடிக்காதீர்கள், உண்மையான ஏர்லெஸ் என்றால் பெயின்ற் தோலுக்குள்ளேயே ஏறிவிடும், சின்னக் காயம்போல் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முனையில் 517 மாதிரி இலக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்: 5ஐ இரட்டித்தால் விசிறும் அகலம் 10 அங்குலம், 17 என்பது துளை, அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. பில்லில் மெஷினின் வகையை எழுதச் சொல்லுங்கள்.

இன்னும் சொல்ல இருக்கிறது, நேரமில்லை. மச்சான் ரோலரோடு வாசலில் நிற்கிறான். குடிபூரலுக்கு இன்னும் 4 நாள்.