ஐவி இலைச் சாறு கலந்த உடல் ஜெல்: ஆறு வாரப் பாவனையின் பின்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் கெட்டியான கிறீம் எதையும் பூசிக்கொள்ள முடியாது. அரை மணித்தியாலத்துக்குள் வியர்வையும் தூசியும் சேர்ந்து உடம்பெல்லாம் பிசுபிசுத்துவிடும். அதனால்தான் கடந்த ஆடி மாதம், நகரின் கடைத்தெருவிலுள்ள அழகுசாதனக் கடையொன்றில், ஐவி இலைச் சாறு கலந்தது என்று பெரிய பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்த 150 மில்லிலீற்றர் ஜெல் ஒன்றை 2,850 ரூபாவுக்கு வாங்கினேன். தோலை இறுக்கும், தொடையின் மேடுபள்ளத்தைக் குறைக்கும் என்பன அதன் உறையில் இருந்த வாக்குறுதிகள்.

ஐவி என்றால் என்ன என்று கேட்டபோது, கடையில் நின்ற பிள்ளை, "அது எங்கட கொவ்வைதான் அக்கா, வேலியில படருமே" என்றார். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. கொவ்வையின் ஆங்கிலப் பெயரிலும் ஐவி என்ற சொல் இருப்பதால் வந்த குழப்பம் அது. கொவ்வை பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐவியோ ஐரோப்பாவின் மரங்களிலும் பழைய மதில்களிலும் பற்றுவேர் ஊன்றி ஏறுகின்ற, ஜின்செங்கின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கொடி. காலங்காலமாக நாம் உண்டு பழகிய இலைதானே என்ற துணிச்சலில் ஒருவர் சோதித்துப் பாராமலே பூசிக்கொள்ளக்கூடும் என்பதால், இந்தத் தவறைச் சிறியதென்று நான் விட்டுவிட மாட்டேன்.

சேர்மானப் பட்டியலின் மேலேயே விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து, வெந்நீரில் நனைத்த துணியால் அதை ஊறவைத்து உரித்த பின்னரே வாசிக்க முடிந்தது: தண்ணீர், ஆல்கஹோல், கிளிசரின், கஃபீன், மெந்தோல், வாசனைப் பொருள், கெடாமல் காக்கும் பீனொக்சிஎதனோல், அதற்கும் பின்னால் ஹெடெரா ஹீலிக்ஸ், அதாவது ஐவி. ஐரோப்பிய விதிகளின்படி 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பொருட்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். பீனொக்சிஎதனோலை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கவும் முடியாது. இந்த ஜெல் அவ்விதிகளுக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டதென்று உறையில் குறித்திருப்பதால், பெயரைத் தந்த இலையின் சாறு அதில் 1 சதவீதத்தைத் தாண்டாது. அந்தச் சாறும் பெரும்பாலும் தண்ணீரிலோ கிளிசரினிலோ கரைத்த கரைசலாகவே தொழிற்சாலைக்கு வருகிறது.

ஐவி பயனற்ற இலை என்று நான் சொல்ல வரவில்லை. சீயக்காயிலும் பூவந்தியிலும் நுரையெழுப்புகின்ற சபோனின் வகைப் பொருட்கள், ஹெடராகோசைட் சி, ஆல்ஃபா ஹெடரின் என்ற வடிவங்களில், அதன் இலையில் உள்ளன. ஐரோப்பாவில் அதிலிருந்து இருமல் பாணி தயாரிக்கிறார்கள். ஆனால் தொடையில் தெரியும் மேடுபள்ளம், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு நார்த்திசுக்களுக்கு இடையில் பிதுங்குவதால் உண்டாவது. மேலே தடவுகின்ற சொற்ப அளவுச் சாறு அந்த ஆழத்தில் எதைச் செய்துவிடப் போகிறது? முதல் நாளும் கடைசி நாளும் தையல் நாடாவால் அளந்து பார்த்தேன். அரை அங்குலங்கூடக் குறையவில்லை, தோலின் தோற்றமும் மாறவில்லை.

எனினும், உப்புவெளிக் கடற்கரையில் மாலை நடை முடிந்து, காலைக் கழுவித் துடைத்த பின், புளியங்கொட்டை அளவு ஜெல்லைக் கெண்டைக்காலில் தேய்க்கும்போது கிடைத்த சுகத்தை மறைக்க விரும்பவில்லை. ஒட்டும் தன்மையில்லாமல் சில விநாடிகளில் உலர்ந்து, கால் கனம் குறைந்ததுபோல் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சி ஆவியாகும் ஆல்கஹோலாலும், குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டும் மெந்தோலாலும் வருவது, ஐவியால் வருவதன்று. மூன்றாவது வாரத்தில் முழங்காலைச் சுற்றித் தோல் வறண்டு வெள்ளை பூத்தது. பூசுவதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கிய பின் அது சரியாயிற்று.

என் தங்கைக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. பூசத் தொடங்கிய மூன்றாம் நாள் அவளுடைய காலில் சிவந்த பருக்கள் எழுந்து அரிக்கத் தொடங்கின. ஐவியிலுள்ள ஃபல்காரினோல் என்ற பொருள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்குவது அறியப்பட்ட விடயம். வாசனைப் பொருளும் காரணமாக இருந்திருக்கலாம். எதுவாயினும், ஐவி கலந்த எந்தப் பூச்சையும் முதலில் முழங்கை மடிப்பில் சிறிதளவு தடவி, குறைந்தது இரண்டு நாட்களாவது பார்த்த பின்னரே மற்ற இடங்களில் பூசுங்கள். இத்தகைய ஒவ்வாமை உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாட்கள் கழித்தே வெளிப்படும்.

வெயிற்காலத்தில் காலுக்குக் குளிர்ச்சி போதும் என்பவர்கள் இதை வாங்கலாம்; ஆனால் மெந்தோல் கலந்த சாதாரண ஜெல் இதன் பாதி விலைக்குக் கிடைப்பதால் நான் மீண்டும் வாங்கப் போவதில்லை. அந்தக் கடைக்காரரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: விலைச் சீட்டை மூடியின் மேல் ஒட்டுங்கள்.