9,000 பேர் பின்தொடர்ந்தார்கள், ரவிக்கை தைக்கத்தான் ஆளில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டு முன்னறையில் மரச்சட்டம் போட்டு, கொக்கி ஊசியால் ஆரிப் பூவேலை செய்கிறவள் நான். கல்யாண ரவிக்கைதான் முக்கியத் தொழில். "உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான் வளர்த்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால், பணத்தை எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடமிருந்து போனது 1,650 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பணம் மட்டும் போயிருந்தால், கண் திருஷ்டி கழிந்தது என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

தீபாவளிக்கு நான்கு மாதம் இருக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு தம்பி அறிமுகமானார். "அக்கா, இவ்வளவு நல்ல கைவேலையை ஊருக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறீர்களே" என்றார். என் வீட்டில் இதுவரை யாரும் சொல்லாத சொல் அது. பாதிப் பணத்தை அதற்கே கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 350 வெள்ளி, மூன்று மாதத்துக்கும் முன்பணம். விளம்பரச் செலவு என்று தனியே 600.

அப்போது என் பக்கத்தில் 340 பேர் இருந்தார்கள். தோட்டத்துச் சொந்தங்கள், பழைய பள்ளித் தோழிகள், கோலகங்சாரில் இரண்டு ஆசிரியைகள். படங்கள் மஞ்சள் விளக்கில் எடுத்தவை. பச்சைப் பட்டு பழுப்பாகத் தெரியும். ஆனாலும் மாதம் நான்கைந்து ரவிக்கை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வந்தது.

அவர் முதலில் ஊர்ப் பெயரை எடுத்தார். "சிப்புட் என்றால் நத்தை, அக்கா. நத்தை என்று போட்டால் யார் வருவார்கள்? கோலாலம்பூர் என்று போடுவோம்." எனக்கும் சிரிப்பு வந்தது. ஈப்போவிலிருந்தும் கோலகங்சாரிலிருந்தும் அரை மணி நேரத்தில் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள் என்பது அந்தச் சிரிப்பில் மறந்துபோயிற்று. அடுத்து, "வணிகப் பக்கத்துக்குத் தனி மின்னஞ்சல் வேண்டும்" என்று சொல்லி, கடவுச்சொல்லை வாங்கி, மின்னஞ்சலைத் தன்னுடையதாக மாற்றினார். மின்னஞ்சல் மாறியது, நீங்கள் செய்யவில்லை என்றால் இங்கே தொட்டுத் திரும்பப் பெறுங்கள் என்று என் பழைய முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. நானே சம்மதித்ததுதானே என்று அதை அழித்தேன்.

இரண்டு வாரத்தில் 4,000 பேர். ஒன்றரை மாதத்தில் 9,000. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு விழும் விருப்பக்குறியோ ஆறோ ஏழோதான். அதில் நாலு என் சொந்தங்கள். கேட்டால், "சூடு பிடிக்க நேரமாகும் அக்கா" என்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணப்பெண்ணின் அம்மா ஒருவர் கைப்பேசியோடு வந்தார். அதில் ஒரு ரவிக்கை: முதுகு முழுவதும் உலோகச் சரிகைக் கம்பியால் தைக்கும் சர்தோசி மயில், தோகையில் கல். "உங்கள் பக்கத்தில் பார்த்தேன். இதே மாதிரி வேண்டும், என்ன விலை?" அந்த மயிலை நான் வாழ்நாளில் தைத்ததில்லை. சர்தோசியே எனக்கு அவ்வளவாக வராது; என் வேலை முத்தும் சரிகை நூலும்தான். "இது நான் தைத்ததில்லை" என்றதும் அந்த அம்மாள் பார்த்த பார்வை இருக்கிறதே, திருட்டுக் கோழியோடு பிடிபட்டவளைப் பார்ப்பது போல. அவர் போனதும் எண்ணிப் பார்த்தேன். என் பக்கத்தில் பதினொரு படங்கள் யாரோ தைத்தவை. அந்த வாரமே சென்னைக் கடை ஒன்றிலிருந்து செய்தி வந்தது: எங்கள் படத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புகார் செய்வோம். அவர்கள் கேட்டதில் தவறே இல்லை.

அக்காள் மகள்தான் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். வணிகக் கணக்காக மாற்றினால் பின்தொடர்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை இன்ஸ்டாகிராமே இலவசமாகக் காட்டுகிறது. இஸ்தான்புல், ஜகார்த்தா, சாவ் பாவ்லோ. ஈப்போவையே காணவில்லை. விளம்பரம் ஒன்றுகூடப் போடப்படவில்லை என்பதையும் அவளே தேடிக் காட்டினாள். 600 வெள்ளியும் அவர் பையில். 2018-லேயே இன்ஸ்டாகிராம் போலி விருப்பங்களையும் போலிப் பின்தொடர்தல்களையும் நீக்கப்போவதாக அறிவித்திருந்தது. அதன்படியோ என்னவோ, சில நாளில் 9,000 என்பது 6,000 ஆனது. "குறைந்ததை நிரப்ப இன்னும் 200 கொடுங்கள்" என்றார் தம்பி.

சண்டை போட்டேன். மறுநாள் காலையில் கடவுச்சொல் மாறியிருந்தது. பக்கம் வேண்டுமானால் 500 வெள்ளி என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அவரிடமிருந்து செய்தி.

கணக்கை மீட்க முகத்தைக் காணொளி எடுத்து அனுப்பும் வழி ஒன்று உண்டு. கணக்கில் நம் முகப்படம் இருந்தால்தான் அது உதவும். என் பக்கத்தில் இருந்ததெல்லாம் ரவிக்கைகள். கழுத்து உண்டு, முகம் இல்லை!

போலீஸில் புகார் கொடுத்தேன். பணம் போனவுடனேயே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழைக்க வேண்டும். நான் மூன்று மாதம் கழித்து அழைத்தேன். பயனீட்டாளர் நடுவர் மன்றம் சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்குத்தான், தொழிலுக்கு வாங்கிய சேவைக்கு இல்லை. 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். போட ஆளின் முழுப்பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு வங்கிக் கணக்கு எண்; அதுவும் வேறொருவர் பெயரில். மோசடிக்காரர்களின் வங்கிக் கணக்கா என்று சரிபார்க்கும் போலீஸின் செமாக் மூல் தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் எனக்கு முன்பே அதன்மேல் புகார்கள் இருந்தன. பணம் போடுமுன் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

இப்போது புதிய பக்கம் தொடங்கியிருக்கிறேன். பெயரிலேயே சுங்கை சிப்புட் இருக்கிறது. மின்னஞ்சல் என்னுடையது, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைப் பாதுகாப்பும் போட்டாயிற்று. படங்களைக் காலை ஒன்பது மணிக்கு வாசல் வெளிச்சத்தில் எடுக்கிறேன். பச்சை பச்சையாகவே தெரிகிறது. ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் 30 வெள்ளிக்கு நானே விளம்பரம் செய்தேன். மூன்று பேர் அளவு கொடுக்க வந்தார்கள். பின்தொடர்கிறவர்கள் 212 பேர். பெரும்பாலோரை எனக்கு முகம் தெரியும்.

பழைய பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் யாரும் பணம் கட்டிவிட வேண்டாம். போன வாரம் எட்டிப் பார்த்தேன். என் மாமியாரின் கூறைப்புடவைமேல் விரித்து நான் எடுத்த ரவிக்கைப் படத்துக்குப் பக்கத்திலேயே கைக்கடிகாரம் விற்கிறார்கள்.