மாற்று மூட்டு மக்கர் செய்தால் எங்கே சொல்வது?

காரைக்குடி ஆச்சி ஒருவர் மதுரையில் முழங்காலில் மாற்று மூட்டு வைத்துக்கொண்டார், வீட்டு முகப்பின் உயரப் படி ஏறும்போதெல்லாம் மூட்டு ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சொல்ல இரண்டு இடம் உண்டு.

ஒன்று, மருந்துகளின் தரம் வகுக்கும் அரசு அமைப்பான, காஜியாபாத்தில் இருக்கும் இந்திய ஃபார்மகோபியா ஆணையம் நடத்துகிற மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம். 2015-ல் வந்தது. நோயாளியே கோளாறை எழுதிப் படிவம் அனுப்பலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் நஷ்ட ஈடு என்று ஒரு பைசா வராது.

இன்னொன்று, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆபரேஷன் மதுரையில் நடந்திருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. பணம் கிடைக்க வழி இதுதான். சிக்கல் வேறிடத்தில்: கோளாறு உள்ளே வைத்த கருவியிலா (அதாவது மாற்று மூட்டிலா), ஆபரேஷனிலா என்று காட்ட பெரும்பாலும் இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டும். அதை எழுதித் தர ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. வாய்தாவும் இழுக்கும்.

எங்கே போனாலும் முதலில் தேடவேண்டியது கருவியின் பேட்ச் எண். பெட்டியில் வரும் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். முழங்கால் கருவிக்கு 2017-ல் விலை வரம்பு வைத்த உத்தரவு, பில்லிலும் பிராண்டையும் பேட்ச் எண்ணையும் தனியாகக் காட்டச் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள், கூச்சமே வேண்டாம்.

என்னைக் கேட்டால், படிவத்தை உடனே அனுப்பிவிடலாம். அது வழக்குக்குத் தடையில்லை. வழக்குக்கோ இரண்டு வருடம்தான் கெடு.