பைக்கோ டபிள்யூ போர்டு, மைக்ரோபைத்தான்: வாங்கலாமானு கேக்குறவங்களுக்கு

பைத்தான் ஓரளவு தெரியும், சி மொழி பக்கம் போக இஷ்டமில்ல, ஆனா ஒரு சென்சார மாட்டி ஏதாவது செஞ்சு பாக்கணும்னு ஆசை இருக்குனா ராஸ்பெரி பை பைக்கோ டபிள்யூங்கிற இந்த குட்டி மைக்ரோகண்ட்ரோலர் போர்ட வாங்குங்க. அவ்ளோதான் என் ரிவ்யூ. ஏன்னு தெரியணும்னா மேல படிங்க.

சாதா பைக்கோ 2021 ஜனவரில 4 டாலருக்கு வந்துச்சு, வைஃபை சேத்த டபிள்யூ 2022 ஜூன்ல 6 டாலருக்கு. நம்ம ஊர் கடைல அந்த கணக்குக்கு கிடைக்காது, கூடத்தான் இருக்கும். உள்ள ஆர்பி2040 சிப், ராம் வெறும் 264 கேபி. இவ்ளோ குறைச்சல்ல பைத்தானானு தோணும், ஓடுறது முழு பைத்தான் இல்ல, டேமியன் ஜார்ஜ் 2013ல கிக்ஸ்டார்ட்டர்ல (மக்கள்கிட்ட காசு திரட்டுற சைட்) ஆரம்பிச்ச மைக்ரோபைத்தான். லிஸ்ட், டிக்‌ஷ்னரி, கிளாஸ், ட்ரை எக்ஸெப்ட் எல்லாம் இருக்கு, பாண்டாஸ், நம்பை மாதிரி பெரிய லைப்ரரி எல்லாம் எதிர்பாக்காதீங்க.

கனெக்ட் பண்றதுதான் மத்த போர்டுகள்ல தலைவலி, டிரைவர் தேடி அலையணும். இதுல போர்டு மேல பூட்செல்னு ஒரே ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்கி பிடிச்சுக்கிட்டே யூஎஸ்பில சொருகுனா பென்டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் வரும், மைக்ரோபைத்தான் சைட்ல இருந்து எடுத்த யூஎஃப்2 ஃபைல (மைக்ரோபைத்தானே அதுக்குள்ளதான் இருக்கு) அதுல இழுத்து போட்டா போதும், டிரைவ் தானா காணாம போயிடும், பயந்துடாதீங்க, அப்படி மறைஞ்சாதான் வேலை முடிஞ்சதுனு அர்த்தம், அடுத்து அதே கேபிள்ல சீரியல் போர்ட்டா வந்து நிக்கும். ஃபைல் எடுக்கும்போது மட்டும் டபிள்யூக்குனு தனியா இருக்கிறத எடுங்க. சாதா பைக்கோ ஃபைலும் இதுல ஓடும், ஆனா வைஃபை பக்கம் போனா நெட்வொர்க் மாட்யூலே இல்லம்பான். அதே மாதிரி பழைய வீடியோ பாத்து பின் 25ல லைட் எரிய வைக்க பாத்தா எரியாது, எரரும் வராது. டபிள்யூல அந்த எல்இடி வைஃபை சிப் வழியா போகுது, நம்பருக்கு பதிலா எல்இடினு பேர குடுக்கணும். டிரைவே வரலனா முதல்ல கேபிள மாத்துங்க, வீட்ல கிடக்கிற பழைய மைக்ரோ யூஎஸ்பி கேபிள்ல பாதி சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், டேட்டா போகாது.

எடிட்டருக்கு தானி. எஸ்டோனியால டார்ட்டு யுனிவர்சிட்டில உருவானது, பாக்க ரொம்ப சாதாவா இருக்கும், ஆனா வலது பக்கம் கீழ் மூலைல போர்ட்ட செலக்ட் பண்ணா உடனே அடில மூணு அம்புக்குறி வந்து நிக்கும் பாருங்க, போர்டுக்கு காசு குடுத்தது இதுக்குத்தான். ஒரு வரி அடிச்சா போர்டு அப்பவே பதில் சொல்லுது, கம்பைல் இல்ல, அப்லோட் இல்ல. வீட்ல தோசை மாவு மழை நாள்ல புளிக்கவே மாட்டேங்குதுனு அம்மா புலம்பிட்டு இருந்தாங்க, சரி மாவு எவ்ளோ சூட்ல இருக்குனு பாப்போம்னு வாட்டர்ப்ரூஃப் டிஎஸ்18பி20 சென்சார் ஒண்ண 4.7கே ரெசிஸ்டரோட மாட்டி பாத்திரத்து மேல ஒட்டி வச்சேன் (மாவுக்குள்ள விட அம்மா விடல). ரீட் பண்ணா 85 டிகிரி. மார்கழி மாசத்துல மாவு 85 டிகிரியா! இந்த சென்சார் பவர் வந்ததும் 85னுதான் வச்சிருக்கும், முதல்ல கன்வர்ட் சொல்லி, 750 மில்லிசெகண்ட் விட்டு, அப்புறம்தான் ரீட் பண்ணணும். அம்புக்குறில ஒவ்வொரு வரியா அடிச்சு பாத்ததால ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிருச்சு, முழு ப்ரோக்ராமா எழுதி ஏத்தி பாத்திருந்தா சென்சார் போச்சுனு தூக்கி போட்டிருப்பேன். அம்மாகிட்ட நம்பர காட்டுனா, "இத பாத்து நான் என்னடா பண்ண, அடுப்பு பக்கத்துல வை"ன்னாங்க. அது வேற விஷயம்.

கோட் சரியா வந்ததும் மெயின் டாட் பைனு போர்டுலயே சேவ் பண்ணிட்டா கம்ப்யூட்டர் தேவையில்ல, பழைய ஃபோன் சார்ஜர்ல மாட்டுனா தானா ஓடும். பவர் பேங்க் சரிப்படாது, இது இழுக்கிற கரண்ட் கம்மி, ஒண்ணும் மாட்டலனு நினைச்சு நிறைய பவர் பேங்க் தானா ஆஃப் ஆயிடும். இன்னொண்ணு, தனியா ஓடும்போது இதுக்கு மணி தெரியாது, பவர் போய் வந்தா 2021 ஜனவரி 1னு ஆரம்பிக்கும். வைஃபைல என்டிபி டைம் (நெட்ல இருந்து மணி எடுக்கிற முறை) எடுத்துக்கலாம், அது உலக பொது நேரமான யூடிசி, நம்ம டைமுக்கு 19800 செகண்ட் கூட்டிக்கணும். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான்.

கொஞ்சம் பழகுனதும் தானிய விட்டுட்டு எம்பிரிமோட்டுங்கிற கமாண்ட் லைன் டூலுக்கு வந்துடுங்க, பிப்ல இன்ஸ்டால் ஆகும். ரன் கமாண்ட் குடுத்தா ஃபைல போர்டுல காப்பி பண்ணாமயே ஓட்டும், மவுண்ட் குடுத்தா நம்ம ஃபோல்டரே போர்டுக்கு தெரியும், விருப்பப்பட்ட எடிட்டர்ல எழுதலாம். தானி திறந்திருந்தா மட்டும் கனெக்ட் ஆகாது, போர்ட்ட ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பிடிக்க முடியும். லினக்ஸ்ல பர்மிஷன் எரர் வந்தா யூசர டயல்அவுட் குரூப்ல சேத்துட்டு லாக்அவுட் பண்ணி வாங்க.

குறைனு பாத்தா ரீசெட் பட்டன் இல்ல, ஒவ்வொரு தடவையும் கேபிள பிடுங்கி சொருகணும், எரிச்சல். பின் பேரெல்லாம் போர்டுக்கு அடிப்பக்கம் அச்சடிச்சிருக்கான், பிரெட்போர்டுல (சால்டரிங் இல்லாம ஒயர் குத்துற ஓட்டை பலகை) குத்துனா ஒண்ணும் தெரியாது, படத்த பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க. 2024ல வந்த பைக்கோ 2லயும் அதே மைக்ரோ யூஎஸ்பி, ஏன்தான் டைப் சி போட மாட்டேங்கிறாங்களோ. பின் எல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் அனுப்புற சென்சார நேரா மாட்டாதீங்க.

பைக்கோ 2 டபிள்யூ 7 டாலர், ராம் 520 கேபி, ஃபிளாஷ் 4 எம்பி. கடைல வித்தியாசம் கம்மினா அதயே எடுங்க, சும்மா சென்சார் வேலைக்கு பழசே தாராளம். எதுவா இருந்தாலும் சால்டரிங் தெரியாதவங்க ஹெடர் (பின் வரிசை) ஏற்கனவே போட்டதானு கேட்டு வாங்குங்க, 40 பின் இருக்கு.