ஆட்புளூ செறிவுமானி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நான் பராமரிக்கும் மூன்று 14 அடி லாரிகளும் விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் காய்கறி ஏற்றி, ஆறு மணிக்குள் லிட்டில் இந்தியாவின் உணவகங்களில் இறக்கிவிட வேண்டியவை. மூன்றும் யூரோ 6 என்ற புகை வெளியேற்றத் தரத்தில் அமைந்த டீசல் வண்டிகள். 2018 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் டீசல் வாகனங்களுக்கு அந்தத் தரமே விதி. ஆகவே டீசலோடு, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளை முறிக்க உதவும் யூரியாக் கரைசலான ஆட்புளூவையும் தனித் தொட்டியில் ஊற்றியாக வேண்டும். அதன் தரம் சரியில்லை என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தால், முதலில் இயந்திரத்தின் இழுவை குறைகிறது. கவனிக்காமல் விட்டால் லாரி மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட மறுக்கிறது. கீரைக்கட்டுகளோடு விரைவுச்சாலையில் அந்த நிலைக்கு ஆளாவது எத்தகைய வேதனை என்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

முதல் முறை விளக்கு எரிந்தபோது, நான் லாரியைக் கொண்டுசென்ற பணிமனையில் ஸ்கேனரைச் செருகி, பி207எஃப் என்ற பிழைக் குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில், தொட்டிக்குள் இருக்கும் தர உணர்கருவியை முழுமையாக மாற்ற வேண்டும் என்றார்கள். தொட்டியின் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லை. பழுதான திரவத்தை ஊற்றினால் சரியான உணர்கருவியும் இதே குறியீட்டைத்தானே காட்டும் என்ற எண்ணம் உறுத்தியதால், அன்று மாலையே ஆட்புளூவுக்கென்று அளவுக்கோடுகள் பொறித்த கையடக்கச் செறிவுமானி ஒன்றை வாங்கினேன். ரிஃப்ராக்டோமீட்டர் என்று கேட்டால் கடைகளில் எடுத்துத் தருவார்கள். 50 வெள்ளிக்குள் முடிந்தது.

கருவியின் அமைப்பு எளிது. முனையிலுள்ள கண்ணாடிப் பட்டகத்தின் மேல் இரண்டு மூன்று துளிகளை விட்டு, மூடித்தகட்டைச் சாய்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்வில்லை வழியாகப் பார்த்தால், நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே யூரியாவின் விழுக்காடு. நல்ல ஆட்புளூவில் 32.5 விழுக்காடு யூரியாவும் மீதி கனிமம் நீக்கிய நீரும் இருக்கும். ஆட்புளூவுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 22241, 31.8 முதல் 33.2 வரை ஏற்கிறது. அளப்பதற்கு முன் காய்ச்சி வடித்த நீரை விட்டுக் கோட்டைச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்த மாதிரியைச் சற்று ஆறவிட்டு, கருவியும் திரவமும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகே பார்ப்பது நல்லது. மாதிரியைச் சுத்தமான பிளாஸ்டிக் ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுக்கிறேன். செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் இத்திரவத்துக்கு ஆகா.

அந்த முதல் லாரியில் மானி 25 என்று காட்டியது. 10 லிட்டர் நல்ல திரவத்தில் 3 லிட்டர் நீர் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த எண்தான் வரும். ஓட்டுநரைக் கேட்டேன். “அண்ணே, கேன் தீர்ந்துபோச்சு, விளக்கு எரியக்கூடாதுன்னு குழாய்த் தண்ணியக் கொஞ்சம் ஊத்திட்டேன்” என்று மறைக்காமல் சொன்னார். இயந்திரக் கணினி 32.5 என்ற கணக்கில்தான் திரவத்தைப் பீய்ச்சுகிறது. யூரியா குறைந்தால் அதிலிருந்து பிரியும் அம்மோனியாவும் குறைந்து, புகைக்குழாயிலுள்ள வினையூக்கியில் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் முறிவது தடைபடுகிறது. தொட்டியை வடித்து, கனிமம் நீக்கிய நீரால் அலசி, புதிய திரவத்தை நிரப்பினோம். விளக்கு உடனே அணையவில்லை. சிறிது தூரம் ஓடிய பிறகே அணைந்தது. உணர்கருவியை மாற்றத் தேவையிருக்கவில்லை.

இந்தக் கருவியின் மீது எனக்கு மதிப்பு உறுதியானது இரண்டாவது லாரியில்தான். அதே வகை விளக்கு எரிந்தது, மானியோ 32.5 என்று காட்டியது. திரவத்தின் செறிவில் குறையில்லை என்று தெரிந்ததும், தேட வேண்டிய இடம் மாறிவிட்டது. காக்கி புக்கிட்டில் இம்முறை சென்ற பணிமனையில் மானியின் எண்ணைச் சொன்னதும், மெக்கானிக் வினையூக்கிக்கு முன்னும் பின்னும் உள்ள இரு நைட்ரஜன் ஆக்ஸைடு உணர்கருவிகளின் அளவுகளை ஒப்பிட்டார். பிறகு தெளிப்பு முனையைக் கழற்றினார். முனையைச் சுற்றி வெண்ணிறப் படிகம் கட்டியிருந்தது. நல்ல திரவமே போதிய அளவு தெளிக்கப்படாதபோது, கணினி அதைத் தரக்குறைவு என்றே கருதிவிடக்கூடும். தரம் என்று குறியீடு சொல்வதாலேயே திரவம் கெட்டுவிட்டது என்று பொருளல்ல என்பதை அன்று கண்ணால் கண்டேன். திரவம் நிரப்பிய உடனே விளக்கு எரிந்தால், ஒலியலையால் அளக்கும் உணர்கருவியைக் காற்றுக்குமிழிகள் குழப்பியிருக்கவும் கூடும் என்றும், சற்று நேரம் விட்டு மீண்டும் பார்க்கலாம் என்றும் அவர் சொன்னார்.

இனி, விற்பவர்கள் சொல்லாத குறை. இந்த மானி அளப்பது செறிவை மட்டுமே, தூய்மையை அல்ல. பயிர் உரத்துக்கான யூரியாவைச் சரியான விகிதத்தில் நீரில் கரைத்து யாராவது விற்றால், அதுவும் அழகாக 32.5 என்றே காட்டும். அதில் இருக்கக்கூடிய பையூரெட் என்ற மாசு, உலோகத் துகள்கள் எதையும் இது காணாது. தரநிலை ஒரு கிலோவில் 0.5 மில்லிகிராம் கால்சியத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. குழாய் நீரில் அதைவிடப் பன்மடங்கு இருக்கும். முதல் லாரியில் நான் தொட்டியை வடிக்காமல் மேலாக நல்ல திரவத்தை ஊற்றிக்கொண்டே வந்திருந்தால், சில நாளில் எண் சரியாகியிருக்கும், விளக்கும் அணைந்திருக்கும். கனிமங்கள் மட்டும் வினையூக்கியில் படிந்துகொண்டே இருந்திருக்கும். டீசல் கலந்திருந்தாலும் இதை நம்ப முடியாது. டீசல் மேலே மிதக்கும். அடியிலிருந்து எடுத்த மாதிரி சுத்தமாகவே தெரியும். அதற்குத் திரவத்தின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குவளையில் விட்டு, எண்ணெய்ப் படலம் தெரிகிறதா என்று பார்த்து, முகர்ந்தும் பார்க்கிறேன். டீசல் சிறிதளவு கலந்தாலும் பம்பின் ரப்பர் அடைப்புகள் உப்பிவிடும் என்பதால் இந்தச் சோதனையை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

கருவியின் தயாரிப்புத் தரம் சுமார். கோடுகள் நெருக்கமாக இருப்பதால் அரை விழுக்காட்டு வேறுபாட்டை ஊகித்துத்தான் சொல்ல முடிகிறது, 31.8க்கும் 31.5க்கும் இடையில் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நுட்பம் கிடையாது. கண்வில்லையின் ரப்பர் நான்காம் மாதமே கழன்றது. பயன்படுத்தியதும் பட்டகத்தைக் கழுவாவிட்டால் யூரியா காய்ந்து வெள்ளையாகப் படிந்து, அடுத்த அளவைக் கெடுத்துவிடும்.

நம் ஊர் வெப்பத்தில் இன்னொரு பயனும் உண்டு. ஆட்புளூவை 30 பாகைக்குள் வைத்தால் ஓராண்டும், 35 பாகை என்றால் ஆறு மாதமும் மட்டுமே தரம் நிலைக்கும் என்று தரநிலை வழிகாட்டுகிறது. லாரியின் பின்தட்டில் வெயிலில் கிடக்கும் கேன் எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. மூடி சரியாக இறுகாத கேனில் நீர் ஆவியாகிச் செறிவு கூடியும் போகலாம். ஒருமுறை எங்கள் கொட்டகையிலேயே 35 காட்டிய கேன் இருந்தது. இப்போது ஓட்டுநர்கள் கேனைத் திறந்ததும் ஊற்றுவதற்கு முன் துளியை வைத்துப் பார்க்கிறார்கள். சென்ற வாரம் புதிதாக வாங்கிய ஒரு கேன் 30 காட்டியது. அதை வாங்கிய இடத்துக்கே எடுத்துச் சென்றோம். கடைக்காரர் தம் கையாலேயே மானியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதே அடுக்கிலிருந்த வேறொரு கேனையும் திறக்கச் சொன்னார். அதுவும் 30தான்.