வெள்ளி வாங்கும் முன் விற்கும் விலையைக் கேளுங்கள்

2019 தீபாவளி சமயத்தில் வெள்ளி வாங்கத் தொடங்கினேன். அப்போது கிராம் ஐம்பது ரூபாய் பக்கம். மாதச் சம்பளத்தில் தங்கத்துக்குக் கை எட்டாது. வெள்ளி என்றால் ஆயிரம் ரூபாயோடு கடைக்குள் போகலாம். அன்றிலிருந்து காசும் வாங்கியிருக்கிறேன், பார் எனப்படும் வெள்ளிக் கட்டியும் வாங்கியிருக்கிறேன், பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் வெள்ளி ஃபண்டான இடிஎஃப்பிலும் கொஞ்சம் போட்டிருக்கிறேன். நடுவில் பணம் தேவைப்பட்டபோது ஒரு பகுதியை விற்றும் பார்த்தாயிற்று. புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் அந்த விற்ற அனுபவத்திலிருந்து வருவதுதான்.

நான் இருப்பது சேலம். கொலுசுக்குப் பேர்போன ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிப் பட்டறைகளும் கடைகளும் அடுத்தடுத்து இருக்கும். முதல் தடவை காசு வாங்கப் போனபோது அங்கே ஒரு பெரியவர், “இன்னிக்கு என்ன விலைன்னு எல்லாரும் கேக்குறாங்க தம்பி. இதையே நாளைக்கு எடுத்துட்டு வந்தா எவ்வளவு தருவீங்கன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல” என்றார். அந்தக் கேள்வியை அன்றிலிருந்து ஒவ்வொரு கடையிலும் கேட்டு வருகிறேன். பதிலை வைத்தே எங்கே வாங்குவது, எதை வாங்குவது என்று முடிவு செய்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். சுலபமாக இருக்கட்டும் என்று கிராம் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். பத்து கிராம் லட்சுமி காசு ஒன்றுக்கு வெள்ளி மதிப்பு 1,000 ரூபாய். செய்கூலி என்று கடைக்காரர் 100 ரூபாய் சேர்க்கிறார். அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி, 33 ரூபாய். மொத்தம் 1,133. மறுநாள் அதே விலையில் விற்கப் போனால் செய்கூலியும் வராது, வரியும் வராது. கடைக்காரர் 3 சதவீதம் கழித்தால் கைக்கு வருவது 970. அதாவது வெள்ளி விலை ஏறக்குறைய 17 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். அதே விலையில் ஒரு கிலோ பார் வாங்கினால், செய்கூலி ஆயிரம் ரூபாய் போட்டாலும் வரியோடு சேர்த்து 1,04,030. விற்கும்போது 2 சதவீதம் கழித்தால் 98,000. இங்கே 6 சதவீதம் ஏறினாலே போதும். செய்கூலியும் கழிவும் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். ஆனால் சின்னக் காசில் இந்த இடைவெளி அதிகம், பாரில் குறைவு என்பது நான் போன எல்லா இடத்திலும் அப்படியேதான் இருந்தது.

அதனால் ஐந்து கிராம், பத்து கிராம் காசை முதலீடு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பரிசு கொடுக்க, பூஜைக்கு வைக்க அருமையான பொருள். சேமிப்புக்கு என்றால் 100 கிராமுக்குக் கீழே இறங்க வேண்டாம். மாதாமாதம் சின்னக் காசாக வாங்குவதைவிட, பணத்தை நாலைந்து மாதம் சேர்த்து 100 கிராம் பாராக வாங்கலாம்.

பார் வாங்கினால் விற்க ஆள் கிடைக்குமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கொலுசுப் பட்டறைக்குப் பார்தான் மூலப்பொருள் என்பதால் எங்கள் ஊரில் அந்தச் சிரமத்தை நான் பார்க்கவில்லை. பட்டறையோ மொத்த வியாபாரமோ இல்லாத ஊரில் இருப்பவர்கள் வாங்கும் முன்னாலேயே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பிரபலமான கடையில் இன்னொரு கடையின் காசை நீட்டினேன். “பணமாகத் தர மாட்டோம், நகையாக மாற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். எங்கே வாங்கினோமோ அங்கேயே பில்லோடு திரும்பப் போவதுதான் நல்ல விலைக்கு வழி. வங்கியில் வாங்கிய காசையும் வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது தரம். வியாபாரிகள் ‘டச்’ என்று சொல்வது நூற்றுக்கு எவ்வளவு வெள்ளி என்பதை. சேமிப்புக்கு வாங்குவது 999 ஆக, அதாவது 99.9 சதவீதம் வெள்ளியாக இருக்க வேண்டும். 925 என்றால் 92.5 சதவீதம்தான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. நகைக்கு அது நல்லது, உறுதியாக இருக்கும். முதலீட்டுக்குத் தேவையில்லை. ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளியே கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். தங்க நகைக்கு இருப்பதுபோல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமாக வரவில்லை. 2025 செப்டம்பரில் வெள்ளி நகைகளுக்கும் எச்யூஐடி எனப்படும், ஒவ்வொரு நகைக்கும் தனியான ஆறு எழுத்து அடையாள எண் அறிமுகமானது, ஆனால் விருப்பமுள்ளவர்கள் போட்டுக்கொள்ளும் முறையாகத்தான். ஆகவே பாரில் சுத்திகரிப்பு ஆலையின் முத்திரை, எடை, தரம், வரிசை எண் நான்கும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த எண்ணைப் பில்லிலும் எழுதச் சொல்வேன். எம்எம்டிசி-பாம்ப் போன்ற ஆலைகளின் காசும் பாரும் சான்றிதழ் அட்டையோடு ஒட்டி வரும். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் விற்கும்போது உருக்கிக் காட்டு, உரசிக் காட்டு என்ற பேச்சுக் குறைகிறது. அந்த அட்டையைப் பிரிக்காமல் வைத்திருப்பது முக்கியம்.

பழைய ராணி காசு, ராஜா காசு வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டிஷ் காலத்து ஒரு ரூபாய் 11.66 கிராம், கிட்டத்தட்ட 92 சதவீதம் வெள்ளி. ஆனால் 1940 முதல் 1945 வரை அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1946, 47-ல் வந்தது நிக்கல். ஆண்டைப் பார்க்காமல் எடை போட்டு வாங்கக் கூடாது. போலிகளும் நிறைய உலவுகின்றன.

வீட்டில் வைப்பதில் தங்கத்துக்கு இல்லாத தொல்லை இதற்கு உண்டு. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும். அதனால் எடையோ தரமோ போய்விடாது, பயப்பட வேண்டாம். பல்பொடி போட்டுத் தேய்த்தால்தான் வெள்ளி தேய்ந்து போகும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், செய்தித்தாளில் மடிக்காதீர்கள், இரண்டுமே கறுப்பை வரவழைக்கும். ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தவை எனக்கு வருடக்கணக்கில் அப்படியே இருக்கின்றன. அப்புறம் இடம். அதே பணத்துக்கு வாங்கும் தங்கம் சட்டைப்பையில் அடங்கும், வெள்ளி பெட்டியைக் கேட்கும். லாக்கர் வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

விலை ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2011 ஏப்ரலில் கிலோ 70,000 ரூபாயைத் தாண்டிய வெள்ளி, மறுபடி அந்த விலையைத் தொட்டது 2020-ல்தான். அதே 2020 மார்ச்சில் எம்சிஎக்ஸ் என்ற பொருள் வணிகச் சந்தையில் 35,000-க்கும் கீழே போய், ஆகஸ்டில் 75,000-க்கு மேல் போனது. அந்த ஆகஸ்டில் வாங்கியவர் போட்ட பணத்தைப் பார்க்க ஏறக்குறைய மூன்று வருடம் காத்திருந்தார். 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்ததும் அன்றைக்கே விலை சரிந்தது. 2025 அக்டோபரில் சென்னையில் கிராம் 200 ரூபாயைத் தாண்டியது, அந்த மாதக் கடைசிக்குள் 170 பக்கம் இறங்கிவிட்டது. சோலார் பலகைக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் வெள்ளி வேண்டும் என்பது உண்மை. சுரங்கத்து வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும்போது கூடவே கிடைப்பது என்பதால் தேவை கூடியதும் உற்பத்தியைச் சட்டென்று கூட்ட முடியாது என்பதும் உண்மை. இந்த இரண்டையும் நம்பித்தான் நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை, அதாவது பள்ளிக் கட்டணத்தையோ கல்யாணச் செலவையோ, இதில் போடுவதை நான் தடுப்பேன்.

இடிஎஃப் நம் நாட்டில் 2022 ஜனவரியில் வந்தது. செய்கூலி இல்லை, வாங்கும்போது ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை, கறுப்பதில்லை. விலை உயர்ந்தால் லாபம் என்பது மட்டுமே நோக்கம் என்றால் காசைவிட அதுதான் சரி. அதற்கும் ஒரு நெருக்கடி வந்தது. 2025 அக்டோபரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது இடிஎஃப்புகள் உண்மை மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குக் கைமாறின. சில ஃபண்டு நிறுவனங்கள் வெள்ளி ஃபண்டுகளில் ஒரே தடவையாகப் போடும் மொத்தப் பணத்தை வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன.

பில்லைத் தொலைக்காதீர்கள். காசையோ பாரையோ 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம் என்று 2024 ஜூலையில் மாற்றினார்கள். வாங்கிய விலைக்குச் சான்று அந்தப் பில்தான்.

கடைசியாக, காசுக்கு ஆதரவாக ஒரு விஷயம். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெள்ளி அடமானக் கடனுக்கு விதிமுறை வெளியிட்டது, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்ற கெடுவோடு. வெள்ளி நகை 10 கிலோ வரைக்கும், வெள்ளிக் காசு 500 கிராம் வரைக்கும் ஒருவர் அடகு வைக்கலாம். இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட கடன் என்றால் மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். பாருக்கு இந்த வசதி கிடையாது. அவசரத்துக்கு விற்காமல் பணம் புரட்ட வேண்டியவர்கள் 100 கிராம் காசுகளாக அரைக் கிலோ வரைக்கும் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வாங்குவதை மட்டும் பாராக வாங்கலாம். நான் இப்போது அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.